யாருடைய கட்டத்துக்குள் நம் அடி?

இதழுக்குக் கவிதை கொண்டுவரும் தம்பிகளின் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "என்னண்ணே படிக்கலாம்?" என்பார்கள். இப்போது, "வீட்டுலயே ரெக்கார்டிங் செட் பண்ணப் போறோம்ணே, எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்கிறார்கள். கையில் பழைய லேப்டாப் ஒன்று, நாலு பேர் காசு போட்டு வாங்கிய மைக் ஒன்று, மாடியில் ஓர் அறை. ஒருத்தன் கானா எழுதுகிறான். ஒருத்தி ராப் பாடுகிறாள். இன்னொருத்தன் பறை அடிக்கிறான். அவன் தாத்தாவும் அடித்தவர்தான், சாவு வீட்டு வாசலில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இந்த முறை தலையங்கமாக எழுதுகிறோம்.

"தலையங்கத்துக்கு வேற விசயமே கெடைக்கலியா?" என்று மூத்த தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த நாடு இது. இங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டும் மென்பொருளைப் பற்றிப் பேசுவது ஓய்வுநேரச் சங்கதி போலத் தோன்றும். அப்படி இல்லை. சாதி கண்ணால் மட்டும் பார்க்கப்படுவதில்லை, காதாலும் கேட்கப்படுகிறது. எந்த ஓசை இசை, எந்த ஓசை இரைச்சல் என்று பிரித்துவைத்த காதுக்கும், எந்தக் கை தொட்டால் தண்ணீர் கெடும் என்று சொன்ன வாய்க்கும் சொந்தக்காரன் ஒருத்தன்தான்.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. புதுவை சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. நம் ஆட்கள் போய்ப் பாதிரியாரிடம் முறையிட்டதையும் சுவர் இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் வருட நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். பூசை ஒன்று, பாட்டு ஒன்று, நடுவில் சுவர். இந்தப் பக்கம் நின்றவன் பாடியது அந்தப் பக்கமும் கேட்டுத்தான் இருக்கும். பாட்டு சுவரைத் தாண்டலாம், பாடினவன் தாண்டக் கூடாது. கல்சுவர் போய் 280 வருடம் ஆகிவிட்டது. அந்த விதி போனதா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு ஜூன் 21-ஆம் தேதியும் நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருவிழா நடக்கிறது. 1982-இல் பிரான்சில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தெருவுக்கு வந்து வாசிக்கலாம் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. அதையே கிராமத்து ஊர்த்தெரு ஒவ்வொன்றிலும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் வீட்டுச் சாவுக்கு நாம் அடிக்காவிட்டால் குற்றம். நம் வீட்டுச் சாவுக்கு அவன் தெரு வழியாக அடித்துக்கொண்டு போனாலும் குற்றம்.

*

எந்திரம் பாட்டைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை, அதை வெட்டித் தைக்கவும் செய்கிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் பாடுகிறவனும் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தும், பிணம் எடுக்கும்வரை ஓயாத ஒப்பாரியும் அந்தத் தட்டுக்குள் எப்படி அடங்கும்?

கேசட் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். மலிவு; யாரும் பதியலாம்; ஒன்றை வைத்து நூறு எடுக்கலாம். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகக் கொண்டுபோனார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் இருந்தவர். 2016 ஜனவரியில் இங்கேயே மறைந்தார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு — 'பரட்டை' என்றால்தான் பலருக்குத் தெரியும் — கர்நாடகக் கீர்த்தனையையும் வெள்ளைக்காரன் ஞானப்பாட்டையும் ஒதுக்கிவிட்டு, சேரிப் பேச்சில், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் கட்டினார். பாடுகிற சனங்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி பாட்டை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அதைக் கெடுப்பது என்று அவர் நினைக்கவில்லை, மறுபடி படைப்பது என்றார். இவர்களில் யாரும் எந்திரத்தைக் கண்டு பயப்படவில்லை. எந்திரத்துக்கு அடிமையாகவும் இல்லை.

கடல் தாண்டியும் இதே கதைதான். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்த எலெக்ட்ரீசியன் ஒருவர் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்தார். குளியலறைதான் பாடுகிற அறை. பெரிய ஸ்டுடியோ கழித்துப்போட்ட நாலு ட்ராக் மிக்சரை வாங்கி, மாற்றி அமைத்து, 1970-களில் 'டப்' என்றொரு இசையையே உண்டாக்கினார். அவர்தான் கிங் டப்பி. ரோலண்ட் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த 808 என்ற தாள எந்திரம் நிஜ ட்ரம் போல ஒலிக்கவில்லை என்று சந்தையில் தோற்றது. 1983-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடை விலைக்கு வந்த அதை வாங்கிய கறுப்பு இளைஞர்கள் ஹிப்-ஹாப்பின் நெஞ்சுத் துடிப்பாக ஆக்கினார்கள். எந்திரம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது ஒன்று. யார் கையில் என்ன ஆகிறது என்பது வேறொன்று.

*

இனி நம் கையில் இருக்கிற எந்திரத்துக்கு வருவோம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் திரையில் முதலில் தெரிவது கட்டம் போட்ட தாள். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு தாளம் என்று தாங்களாகவே போட்டுக்கொள்ளும். சுரம் பன்னிரண்டு. அடி கட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால், ஒரு பட்டனைத் தட்டினதும் எல்லாவற்றையும் கோட்டின் மேல் வரிசையாக நிறுத்திவிடும். 'குவாண்டைஸ்' என்பார்கள். குரல் இரண்டு சுரத்துக்கு நடுவில் நின்றால் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துப்போட 1997-இலேயே ஆட்டோ-ட்யூன் வந்துவிட்டது.

பறையாட்டத்தில் அடி, ஆடுகிறவன் காலைப் பார்த்து ஏறும், இறங்கும். சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வது, கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலும் பின்னாலும் விழுவதில்தான் இருக்கிறது. ஒப்பாரிக்குத் தாளம் மூச்சு. அழுகை முட்டும் இடத்தில் வரி நீளும். குரல் நிற்கிற இடமோ ஹார்மோனியக் கட்டைகளுக்கு நடுவில். இதையெல்லாம் 'சரி' செய்துவிட்டால் சுத்தமாக இருக்கும், செத்துப்போயும் இருக்கும். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வருவது நல்லது.

இன்னொரு பட்டியலும் பாருங்கள். எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' என்ற மொழி 1983-இல் வந்தது. 1991-இல் அதற்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டு, 128 ஒலிகளுக்கு எண் கொடுத்தார்கள். அதில் ஸ்காட்லாந்தின் பைப் உண்டு, ஜப்பானின் தைக்கோ மேளம் உண்டு, ஆப்பிரிக்கக் கலிம்பா உண்டு. இந்தியாவின் பங்குக்குச் சிதாரும் ஷெனாயும். கடைசியில் பறவைச் சத்தம், டெலிபோன் மணி, ஹெலிகாப்டர், கைதட்டல், துப்பாக்கி வெடி. துப்பாக்கிக்குக் கூட எண் இருக்கிறது. பறைக்கு இல்லை. உறுமிக்கு இல்லை. தவிலுக்கும் நாகசுரத்துக்கும் கூட இல்லை. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் புதுவைத் தவில் கலைஞர் தட்சணாமூர்த்திக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தில்லியின் பட்டியலில் ஏறிய ஓசைகள் இந்தப் பட்டியலில் ஏறவில்லை.

இதை யாரும் சதி செய்து நடத்தவில்லை. பட்டியல் போட்டவர்கள் தங்கள் காதுக்கு எட்டியதை எழுதினார்கள். ஆனால் சாதியும் பெரும்பாலும் இப்படித்தானே வேலை செய்கிறது? விரட்டுவதற்கு முன்னால், எழுதாமல் விடுகிறது.

"மெஷினுக்கு சாதி தெரியாதுண்ணே" என்கிறான் ஒரு தம்பி. பாதி உண்மை. ஸ்டுடியோ வாசலில் "யாருப்பா அனுப்பினது?" என்று கேட்கிற ஆள் மாடி அறையில் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்கிறவனும் இல்லை. இது விடுதலைதான், சின்ன விசயமில்லை. மீதிப் பாதி என்னவென்றால், மெஷினுக்குத் தெரியாதது சாதி மட்டுமல்ல, நாமும்தான். தெரியாத ஆளை அது தன் கட்டத்துக்குள் உட்கார வைக்கும். உட்காருவதா, கட்டத்தை மாற்றிப் போடுவதா என்பது நம் கையில் இருக்கிறது.

*

எதைப் போடுவது? நமக்கு மூன்று அளவுகோல்கள் இருக்க வேண்டும். ஒன்று, கட்டத்தை நம் அடிக்கு ஏற்ப வளைக்க முடியுமா? இரண்டு, காசு தீர்ந்த மாதமும் நம் வேலை நம் கையில் இருக்குமா? மூன்று, கம்பெனி மூடிவிட்டாலும் பத்து வருடம் கழித்து நம் பாட்டைத் திறக்க முடியுமா?

சினிமா ஸ்டுடியோக்களில் பேர்போனது ப்ரோ டூல்ஸ். அதன் முழு வசதிக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். லாஜிக் நல்லது, ஆனால் ஆப்பிள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். மென்பொருள் விலையை விட அதை வைக்கிற பெட்டியின் விலை நம்மைத் தின்றுவிடும். க்யூபேஸ் 1989-இலிருந்து இருக்கிறது. ஏபிள்டன் லைவ் மேடையில் லூப் போட்டு வாசிக்கிறவர்களுக்கு ஏற்றது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் சின்ன ஆடியோ இண்டர்ஃபேஸ் சிலவற்றோடு அதன் சிறிய வடிவம் இனாமாக வரும். இவற்றையெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் படி இவை அல்ல என்கிறோம்.

பீட் கட்டுகிற பிள்ளைகளுக்குப் பழகினது எஃப்.எல். ஸ்டுடியோ. ஒருமுறை காசு கட்டினால் பின்னால் வரும் புதிய பதிப்புகளுக்கெல்லாம் கட்ட வேண்டாம் என்பது அதன் பெரிய நல்ல குணம். இனாமாகப் பரிசோதிக்கும் பதிப்பில் சேமித்து வைத்த வேலையை, வாங்கும்வரை திரும்பத் திறக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அது கட்டத்தில் பிறந்த மென்பொருள். கானாவுக்கும் ராப்புக்கும் அடித்தளம் போடச் சுகமாக இருக்கும். ஒப்பாரிக்கு அது வீடு அல்ல.

கம்ப்யூட்டரே இல்லாதவர்கள் போனில் பேண்ட்லேப் போட்டு ஆரம்பிக்கலாம், காசு இல்லை. ஒரு ஆயாவின் பாட்டைப் பதிந்து, வெட்டி, சேமிக்க மட்டும் வேண்டுமென்றால் ஆடாசிட்டி போதும். 2000-இலிருந்து இனாமாகவே கிடைக்கும் திறந்த மென்பொருள்.

பல ட்ராக் வைத்து முழுப் பாட்டும் கட்ட, எங்கள் தேர்வு ரீப்பர். தனி ஆளுக்கான உரிமம் 60 டாலர். நம் காசுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். நாலு பேர் கூடிச் சேர்க்கிற தொகைதான். அறுபது நாள் முழுதாகப் பார்த்துவிட்டு வாங்கலாம். பழைய லேப்டாப்பிலும் ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முக்கியமான காரணம் வேறு. அதன் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரில் திறந்தாலும் எந்த ஒலி எங்கே இருக்கிறது என்று வாசிக்க முடியும். ரகசியம் இல்லை. லினக்ஸ் பழகின தோழர்களுக்கு ஆர்டர் இருக்கிறது. அது யாருடைய சொத்துமல்ல. மூல நிரலே பொதுவில் கிடக்கிறது. கொஞ்சம் முட்டிமோதிக் கற்க வேண்டும், அவ்வளவுதான்.

"கிராக் பண்ணினது பென் டிரைவ்ல கெடைக்குதே?" என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரன் மேல் இரக்கப்பட்டு நாங்கள் இதைச் சொல்லவில்லை. நம்மைத் திருடன் என்று சொல்லக் காத்திருக்கிற உலகத்துக்கு நாமே சாட்சியைத் தயார் செய்து கொடுக்க வேண்டாம். அதோடு, பூட்டை உடைத்த மென்பொருளோடு வைரசும் சேர்ந்து வரும்; ஒருநாள் நின்றுபோகும்; ஒரு வருட உழைப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். ஐயாயிரத்துக்கும் இனாமுக்கும் முறையாகவே நல்ல எந்திரம் கிடைக்கும்போது அது எதற்கு?

காசு கொடுத்து வாங்கியதும் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம். கேக்வாக் என்ற மென்பொருளை முப்பது வருடமாகப் பல பேர் நம்பியிருந்தார்கள். 2017-இல் கிப்சன் கம்பெனி அதன் வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் வேறொரு கம்பெனி வாங்கி உயிர் கொடுத்தது. எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒரு கை கிடைக்காது. அதனால் பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, தொடக்கத்திலிருந்து ஒரே நீளத்தில் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். 24 பிட், 44,100 மாதிரி வேகத்தில் ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்குச் சுமார் 8 எம்.பி. ஆகும். பத்து ட்ராக், ஐந்து நிமிடப் பாட்டு 400 எம்.பி. ஒரு சின்ன டிஸ்க்கில் ஒரு தலைமுறையின் பாட்டே அடங்கும்.

*

பறையைப் பதியும்போது சில விசயங்கள். போனில் பதிந்தால் அதன் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு முதல் அடியிலேயே மிரண்டு சத்தத்தை அமுக்கிவிடும். பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கி, பறையையே இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். பழைய தீர்ப்பைப் புது எந்திரமும் ஒப்பிக்கிறது. இரண்டையும் அணைத்துவிடுங்கள். மைக்கை நேர் எதிரே மூக்குக்குக் கீழே வைக்காமல், நாலைந்து அடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். பலத்த சத்தத்தைத் தாங்க டைனமிக் மைக் நல்லது. மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12-க்கு மேல் போகாமல் பாருங்கள். 24 பிட்டில் கீழே நிறைய இடம் இருக்கிறது. மேலே முட்டி உடைந்த ஒலியை யாராலும் ஒட்டவைக்க முடியாது. சுவரில் பழைய போர்வை, மூலையில் மெத்தை போதும். காய்ச்சின தோல் சீக்கிரம் இறங்கும். தீ பக்கத்திலேயே இருக்கட்டும், டேக்குக்கு டேக் காய்ச்சுங்கள்.

பாடும்போது ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்டால் பாட்டுக்காரர் தடுமாறுவார். மென்பொருளில் 'பஃபர்' என்று ஒரு எண் இருக்கும். 1024 என்று இருந்தால் அந்த ஒரு இடத்திலேயே 23 மில்லிசெகண்ட் போகும். 256-க்குக் குறைத்தால் 6-க்குள் வரும். பதியும்போது குறைவு, மிக்ஸ் செய்யும்போது அதிகம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: முதலில் கிளிக் சத்தம் போடாமல் ஆசானை அவர் போக்கில் அடிக்க விடுங்கள். பிறகு அவருடைய அடிகளைப் பார்த்து மென்பொருளின் கட்டத்தை நகர்த்துங்கள். 'டெம்போ மேப்' என்று அதற்குப் பேர். ரீப்பரிலும் ஆர்டரிலும் உண்டு. அதன் மேல் கீபோர்டும் பேஸும் ஏறட்டும். கட்டம் ஆளைத் தேடி வரட்டும், ஆள் கட்டத்தைத் தேடிப் போக வேண்டாம்.

"பறைக்கு எதுக்கு கம்ப்யூட்டர், பச்சையா அப்படியே இருக்கட்டுமே" என்று சொல்கிற அன்பர்களும் உண்டு. நம்மைக் காட்சிச்சாலையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற அன்பு அது. 1990-களில் இந்த இயக்கத்துக்குள்ளேயே பறையை எரிப்பதா எடுப்பதா என்று பெரிய வாதம் நடந்தது. இழிவு சுமத்திய வேலை, தூக்கி எறி என்றார்கள் ஒரு சாரார். இழிவை எறி, பறையை எடு என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டிலும் நியாயம் இருந்தது. எவனுக்கு அடிப்பது, எப்போது அடிப்பது என்பதை நாமே முடிவு செய்வது என்ற இடத்தில் இரண்டும் சேர்ந்தன. 2018 ஜனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒன்றாக நின்றது அந்த முடிவின் தொடர்ச்சிதான். ஆட்டோ-ட்யூன் வேண்டுமா, போடுங்கள். குவாண்டைஸ் வேண்டுமா, செய்யுங்கள். தெரிந்து செய்யுங்கள்.

*

கடைசி விசயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பாட்டைப் பதிந்தால் அந்தப் பதிவு யாருடையது? 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவின் ஆசிரியர் என்று சொல்வது பாடினவரை அல்ல, அடித்தவரை அல்ல. முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிவு செய்த தயாரிப்பாளரை. அறுபது வருடத்துக்கு அந்த உரிமை உண்டு. அதாவது மாடி அறையில் நீங்கள் ரெக்கார்டு பட்டனை அழுத்துகிற நேரத்தில், சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் முதலாளி ஆகிறீர்கள். எதிரே உட்கார்ந்து ஒப்பாரி பாடுகிற ஆயா வெறும் குரல். சுவர் இப்போது நம் அறைக்குள்ளேயே நிற்கிறது.

2012-இல் வந்த திருத்தம் கொஞ்சம் மாற்றியது. பாட்டெழுதினவரும் இசை அமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை எந்தத் தயாரிப்பாளருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடினவர், வாசித்தவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறவும், தன் பெயர் சொல்லப்படவும் உரிமை உண்டு. ஆனால் பெயரே எழுதப்படாதவருக்கு எந்தச் சட்டம் என்ன கொடுக்கும்? பாஸ்புக்கில் பெயர் இல்லாதவனுக்குக் கவுண்டரில் காசு இல்லை.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எல்லாருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து உழைப்பைச் சுமந்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவு, பேரன் அறிவின் வரிகளில் உலகம் முழுக்கப் போனது. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பேசினார்கள். அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அவர் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு, காசு யாருக்குப் போனது என்று பிறகு நடந்த வாதத்தில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். பாட்டு உலகம் தாண்டும்போது பாடினவன் பேர் வாசலில் நிற்கிற பழக்கம் 1745-க்குப் பிறகும் இருக்கிறது.

நாளைய ஆபத்து இன்னும் சத்தமில்லாமல் வரும். ஒருவர் வந்து ஆசானை ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்லி, தனித்தனி அடிகளாகப் பதிந்து, கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போவார். அது ஒலித் தொகுப்பாக விற்பனைக்கு வரும். 'தென்னிந்தியப் பழங்குடி மேளம்' என்று ஏதாவது ஒரு பேர் இருக்கும். அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் பறை வேண்டுமென்றால் பறையடிப்பவர் வேண்டாம். இழிவான வேலையிலிருந்து நம் கை விடுபடுவது வேறு. நம் கையை வெட்டி ஓசையை மட்டும் வைத்துக்கொள்வது வேறு.

ஆகவே தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாங்கள் சொல்வது. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். யார் பாடினது, யார் அடித்தது, யாரிடம் கற்றது, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று பாடுகிறவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்; ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். 'மரபுப் பாடல்' என்று மட்டும் போட்டு முடிக்காதீர்கள். மரபு என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் பெயர் எழுதாமல் விடப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள். பறை, உறுமி, பம்பை என்று நம் அடிகளை நாமே பதிந்து, அடித்தவர் பேரோடு, அவருக்கும் பங்கு வருகிற மாதிரி ஒரு பொதுத் தொகுப்பை உண்டாக்குவோம். அந்த 128-இல் நமக்கு எண் கேட்டு மனுப் போட வேண்டாம். நம் பட்டியலை நாமே எழுதுவோம்.

இதழின் பங்குக்கு இதைச் செய்கிறோம். அடுத்த இதழிலிருந்து, பாடினவர், வாசித்தவர், கற்றுக்கொடுத்தவர் பேரோடு வருகிற எந்த வீட்டுப் பதிவைப் பற்றியும் அறிமுகக் குறிப்பு வெளியிடுவோம். பேர் இல்லாமல் வருவதைத் திருப்பி அனுப்புவோம், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

— ஆசிரியர்